மஞ்சள்கரு எங்களுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். மார்கழி விடுமுறைக்குத் தோழிகளோடு வருவதாக நீ சொன்ன நாளிலிருந்து வீடே கல்யாண வீடாகிவிட்டது. மாடி அறையைக் கழுவி விட்டேன். கவுனி அரிசி வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் போனை வைப்பதற்கு முன் நீ கேட்ட ஒரு கேள்வி மட்டும் மனசுக்குள் கிடந்து அறுக்கிறது. "கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி எல்லாம் பார்த்துவிடலாம் அம்மா. நீ பிறந்த தெருவில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டாய்.

நீ குத்தலாகக் கேட்கவில்லை. உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாமல் வளர்த்தது நான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, நடுவே வானம் பார்த்த வாசலுள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு வந்து பின்வாசலில் நிற்கும். காரைக்குடியில் அப்படிப்பட்ட வீடுகளின் பின்வாசல்கள் திறக்கும் தெருவில் நான் பிறந்தேன். ஒரு பக்கம் பெரிய வீடுகளின் உயர்ந்த பின்சுவர்கள். எதிர்ப்பக்கம் எங்கள் சிறிய ஓட்டு வீடுகள். கொத்தனார், ஆசாரி, சமையல்காரர், மாவிடிக்கிற பெண்கள் என்று அந்த வீடுகளைக் கட்டிக் காத்தவர்கள் அங்கே இருந்தோம். பள்ளிக்கூடத்தில் எந்தத் தெரு என்று கேட்டால் முன்தெருவின் பெயரைத்தான் சொல்வேன். பெண் பார்க்க வந்தபோது உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். உன்னிடம் "கோயில் பக்கம்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அந்த வெட்கத்தை இன்று நினைத்தால் என் அப்பா முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாதவளாகிப் போகிறேன்.

உன் தாத்தா கொத்தனார் என்பது உனக்குத் தெரியும். என்ன கொத்தனார் என்று தெரியாது. அவர் சுண்ணாம்புப் பூச்சுக்காரர். நான் பிறக்கும்போது புதிதாகப் பெரிய வீடு கட்டுகிற காலம் போய்விட்டது. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து தேக்கும் பளிங்கும் கொண்டுவந்து வீடுகளை இழைத்த செட்டியார்கள், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு பழுது பார்ப்பதுதான் வேலை. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மூன்று மாதத்துக்கு முன்பே தாத்தாவுக்கு ஆள் வந்துவிடும்.

அந்த வேலையைச் சொல்கிறேன், கேள். சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு சேர்த்துக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சுகள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெல்லியது. கடைசிப் பூச்சுக்கான சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, பூசிய ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். கை ஓயக்கூடாது. முகம் தெரிகிற வரை தேய்க்க வேண்டும். எத்தனையோ வருடம் கழித்தும் அந்தச் சுவரை ஈரத்துணியால் துடைத்தால் போதும், வெள்ளையடிக்கவே வேண்டாம். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

கடைசிப் பூச்சு நாளில் கூடை கூடையாக முட்டை வரும். வெள்ளைக்கரு சுவருக்கு, மஞ்சள்கரு எங்களுக்கு. உன் அம்மாச்சி பெரிய சட்டியில் மஞ்சள்கருவை வாங்கி வந்து குழம்பு வைப்பாள். அன்று எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் பசியோடு படுக்காது. ஊரே வியந்து பார்க்கிற அந்தச் சுவர்களின் மறுபாதி எங்கள் உடம்பில் இருக்கிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். உன் உடம்பிலும்.

இன்னும் இருக்கிறது. பின்வாசல் திறந்திருக்கும்போது எட்டிப் பார்த்தால், அடுப்படி இருட்டு, அதற்கப்பால் ஒரு வெளிச்சம், மறுபடி நிழல், மறுபடி வெளிச்சம், கடைசியில் முன்வாசல் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். நிலைகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு வீடு பெருமையாகத் தெரியும். எங்களுக்கு அது ஆழமாகத் தெரிந்தது. ஐப்பசி மழையில் நான்கு பக்கத்து ஓடுகளிலிருந்தும் வளவு வாசலில் கொட்டுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக எங்கள் தெருவுக்கு வந்து ஊரணிக்குப் போகும். இது வறண்ட சீமை. ஒரு சொட்டையும் விடக்கூடாது என்று நினைத்து ஊரைக் கட்டினார்கள். எந்த வீட்டுத் தண்ணீர் முதலில் வருகிறது என்று நாங்கள் காகிதக் கப்பலோடு காத்திருப்போம். கல்யாணத்துக்குப் பலகாரம் சுடும்போது தேன்குழலும் அதிரசமும் மணப்பது பின்தெருவில்தான். மாவிடித்துவிட்டு வரும் அம்மாச்சியின் ஓலைக் கொட்டானில் எங்களுக்கென்று சீப்புச்சீடை இருக்கும்.

வைகாசியில் எங்கள் ஊர்க் கொப்புடையம்மனுக்குச் செவ்வாய்ப் பெருந்திருவிழா. பெரும்பாலான கோயில்களில் மூலவர் உள்ளேயே இருக்க, உற்சவர் வீதிக்கு வருவார். இங்கே கருவறையில் இருக்கிற அம்மனே வெளியே வருகிறாள். மூலவரும் அவளே, உற்சவரும் அவளே. அம்மன் முன்தெருவுக்கு வருகிற அன்று, எதிர்வீட்டு ஆச்சி பின்கதவை அகலத் திறந்துவிட்டு, "ஓடுங்கள், ஓடிப் போய்ப் பாருங்கள்" என்பார்கள். நாங்கள் ஈரக்கால்களோடு அந்த நீள வீடு முழுவதையும் கடந்து முன்வாசலுக்கு ஓடுவோம். வருடத்தில் ஒரு நாள். பளிங்குத் தரையின் குளிர்ச்சி இன்னும் என் பாதத்தில் இருக்கிறது. அந்த ஆச்சி போய் எத்தனையோ காலமாகிவிட்டது. வீடு பூட்டிக் கிடக்கிறது.

உன்னிடம் வேண்டுவது ஒன்றுண்டு. தோழிகளை முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அழைத்துப் போகாமல் இருக்க மாட்டாய். பிரித்த வீடுகளின் கதவுகளும் தூண்களும் அங்கே சாத்தி வைத்திருப்பார்கள். பார், தவறில்லை. ஆனால் அங்கே வருவது முன்கதவுகள்தான். வேலைப்பாடு இல்லாத பின்கதவை யாரும் விலைக்குக் கேட்பதில்லை, அது விறகாகிறது. முகப்புகளைக் காப்பாற்ற இன்று பேச ஆட்கள் இருக்கிறார்கள். பின்கட்டுகள் இடிவதைப் பேச ஒருவரும் இல்லை. எங்கள் தெருவில் மூன்று பின்சுவர்கள் போய் அங்கே கார் நிறுத்துகிறார்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. ஊர் வளரட்டும், எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சுவர்கள் போனதற்கு மட்டும் நான் அழுதேன்.

ஆச்சி வீட்டுப் பின்சுவர் இன்னும் நிற்கிறது. கலவை பதமாக இருக்கிறதா என்று பார்க்க, உன் தாத்தா பின்வாசல் நிலைக்கு இடப்பக்கம் முதலில் ஒரு கை பூசிப் பார்ப்பார். அவர் பதம் பார்த்த இடம் ஒரு முறத்தின் அகலத்துக்கு இன்றும் மின்னுகிறது. சுற்றிலும் காரை உதிர்ந்துவிட்டது. அது உதிரவில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் நான் போவது முதலில் அங்கேதான். உன் அப்பாவுக்கே இது தெரியாது.

பல்லவன் ரயிலில் டிக்கெட் எடுத்துவிடு. வந்த மறுநாளே போவோம். காலையில் வேண்டாம், நடுப்பகலில், வெயில் ஏறிய பிறகு போவோம். உன் உள்ளங்கையை அதில் வைத்துப் பார். தோழிகளும் வைத்துப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் சாப்பிட மஞ்சள்கருக் குழம்பு வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா