தடுப்பு வைத்த தொட்டியில் ஃபைட்டர் மீன்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் பல ஆண்டுகளாகக் கண்ணாடிக் கடை நடத்தி வருகிறேன். ஜன்னலுக்கும் ஷோகேசுக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். மீன் தொட்டி ஒட்டித் தருவது அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பள்ளி விடுமுறை நெருங்கும் நாள்களில் பிள்ளைகளோடு வரும் பெற்றோர் பலர், இரண்டடித் தொட்டி ஒன்றில் இரண்டு தடுப்புகள் வைத்து, ஓர் அறையில் ஒரு ஃபைட்டர், நடு அறையில் கோல்டு ஃபிஷ், மூன்றாவதில் இன்னொரு ஃபைட்டர் என்று விட்டுக்கொள்ள வசதி செய்து தரும்படி கேட்கிறார்கள். நானும் நெடுங்காலம் மறுபேச்சின்றிச் செய்து கொடுத்தேன். அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று. இவ்வகைத் தொட்டிகள் இப்போது ஆயத்தமாகவே விற்பனைக்கு வந்துவிட்டதால், வாங்குவோர் அறிய வேண்டியவற்றைத் தங்கள் இதழின் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில், தடுப்பு என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைத்த கண்ணாடித் தடுப்பு ஒன்று; துளையிட்ட அக்ரிலிக் தகடோ பிளாஸ்டிக் வலையோ கொண்டு செருகும் தடுப்பு மற்றொன்று. முன்னதில் தண்ணீர் ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகாது, பார்வை போகும். பின்னதில் தண்ணீர், பார்வை இரண்டும் போகும். இந்த வேறுபாட்டைக் கேட்டுவிட்டு வாங்குபவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பார்வையைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஃபைட்டர் மீன் மத்தியத் தாய்லாந்தின் நெல்வயல்களுக்கும் ஆழமற்ற சதுப்புகளுக்கும் உரியது. 1910-இல் ரீகன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதற்கு பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயரிட்டார். இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக 2019-இல் அறிவித்த அந்த நாட்டில், வியாபாரிகள் பாட்டில்களை வரிசையாக அடுக்கும்போது இரண்டு பாட்டில்களுக்கு இடையே ஓர் அட்டையைச் செருகி வைப்பது வழக்கம். பாட்டில் கண்ணாடி ஒன்றை மற்றொன்று கடிக்காமல் தடுக்கிறது; ஒன்றை மற்றொன்று பார்த்துக்கொண்டே இருக்காமல் தடுப்பது அந்த அட்டைதான். நாம் பாட்டிலைப் பெரிதாக்கித் தொட்டியாக்கினோம், அட்டையை மறந்துவிட்டோம். செவுள் மூடியை விரித்து, துடுப்புகளை விசிறி போல் பரப்பி நிற்கும் ஃபைட்டரைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கண்ணெதிரே எதிரி நாள் முழுவதும் நிற்க, அடையவும் முடியாமல் விலகவும் முடியாமல் கண்ணாடியோரம் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும் மீன் தீனியைக் குறைத்துக்கொள்ளும், நிறம் மங்கும், சில நாளில் நோய்க்கும் இடம் கொடுத்துவிடும்.

அடுத்தது தண்ணீர். துளையிட்ட தடுப்புள்ள தொட்டியில் எத்தனை அறைகள் இருந்தாலும் தண்ணீர் ஒன்றே. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் பத்து அங்குலம் வரை நீர் நிரப்பினால் ஏறத்தாழ 47 லிட்டர் கொள்ளும். மூன்றாகப் பிரித்தால் அறைக்கு 16 லிட்டருக்கும் குறைவு. இதில் நடு அறைக்கு வரும் கோல்டு ஃபிஷ், கடையில் விரல் நீளம் இருந்தாலும் வளர வளர உள்ளங்கைக்கு அடங்காத மீன். அதிகம் தின்று அதிகம் கழிவது. அதன் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வெளிப்படும் அம்மோனியா என்ற நஞ்சு துளைகள் வழியே இரண்டு பக்கமும் பரவுகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் புதுத் தொட்டியின் ஃபில்டரில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியை சனிக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமையே மூன்று அறையிலும் மீன் விடுவோர்தான் பெரும்பாலோர் என்பதால், மீன் செத்தால் குற்றம் மீனின் மேல் விழுகிறது. கோல்டு ஃபிஷுக்கு ஏற்றது 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர். ஃபைட்டருக்கோ 24 முதல் 28 டிகிரி. ஒரே தண்ணீரில் இரண்டுக்கும் ஏற்ற வெப்பம் இல்லை என்கிறபோது, இடையில் வைக்கும் தடுப்பு எவ்வளவு உறுதியாக இருந்துதான் என்ன பயன்? வெண்புள்ளி நோய்க் கிருமி நீரில் நீந்தித்தான் அடுத்த மீனைப் பிடிக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஓர் அறை மீனுக்கு நோய் வந்தால் முழுத் தொட்டிக்கும்தான் மருந்து.

தண்ணீர் துளை வழியே போகும் என்றேன். போதிய அளவு போகிறதா என்பது வேறு கேள்வி. கடையில் மீன் விடாத சோதனைத் தொட்டி ஒன்றில், ஸ்பான்ஜ் ஃபில்டரை இடது ஓர அறையில் ஓடவிட்டு, வலது ஓர அறையில் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். (மீன் வளர்ப்போர் இதைச் செய்து பார்க்க வேண்டாம், சிலிக்கானில் ஏறிய நீலம் போகவே போகாது.) அந்தச் சொட்டு புகை போல் கீழே இறங்கி, தரையில் படர்ந்து, தடுப்பின் அடியில் தேங்கியே நின்றது. நான் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியபோதும் இடது அறையில் நீலம் தென்படவில்லை. ஹீட்டர் போட்டாலும் இதே கதைதான்: கருவி இருக்கும் அறை சூடாகும், கோடி அறை மார்கழி விடியலில் குளிர்ந்தே கிடக்கும். ஆகவே ஃபில்டரையும் ஹீட்டரையும் நடு அறையில் வைப்பதும், துளைகளைத் தகடு முழுவதும் மேலிருந்து கீழ்வரை போடுவதும் நல்லது. மேல் பாதியில் மட்டும் துளையிட்டு அழகு பார்ப்பதால் பயனில்லை. ஃபைட்டரின் நீண்ட துடுப்பு வேகமான நீரோட்டத்தைத் தாங்காது என்பதால், பெரிய மோட்டார் வைத்து இக்குறையைத் தீர்க்கவும் முடியாது. செலவைக் குறைக்க ஜன்னல் கொசுவலைக் கம்பியைத் தடுப்பாக வைப்போர் உண்டு. அது துருவேறும், அதன் துத்தநாகப் பூச்சு நீரில் கரைந்து மீனுக்கு நஞ்சாகும்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வலைத் தடுப்பின் இரு பக்கமும் சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டு ஆண் ஃபைட்டர்களை வைத்திருந்தேன். கத்திரி வெயிலில் தொட்டி நீர் மளமளவென்று வற்றும். குறைந்த நீரைப் பேரன் ஒரு மாலை பாசத்தோடு விளிம்பு வரை நிரப்பிவிட்டான். தடுப்பின் தலைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு அங்குலம் விட வேண்டும் என்பதை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. காலையில் பார்த்தபோது சிவப்பு மீன் நீலத்தின் அறையில் இருந்தது. நீலத்தின் வால் பல் உதிர்ந்த சீப்பைப் போல் நரம்பு நரம்பாக நின்றது. மூன்றாம் நாள் அது இறந்தது. அன்றிலிருந்து தடுப்பைத் தொட்டியின் மூடி வரை உயர்த்தித்தான் ஒட்டுகிறேன். ஃபைட்டர் மேலே வந்து காற்றையும் விழுங்கி மூச்சுவிடும் மீன் என்பதால் மூடிக்கும் நீருக்கும் இடையே காற்றிடம் இருந்தே ஆக வேண்டும். இப்படிக் காற்றில் மூச்சுவிட உதவும் உறுப்பு நம் ஏரிகளின் பனையேறிக் கெண்டைக்கும் உண்டு. இன்னொன்று, மெல்லிய அக்ரிலிக் தகடு நீரில் கிடந்து நாளடைவில் வளையும். அப்போது மூலையில் விழும் இடைவெளி, ஒல்லியான மீனுக்குப் போதுமான வாசல்.

அப்படியானால் தடுப்பே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். கப்பி மீனைப் பாருங்கள். அகன்ற வண்ண வால் கொண்ட ஆண் கப்பியை ஃபைட்டர் தன் இனத்துப் பகைவன் என்றே எண்ணித் துரத்தும். ஆனால் இரண்டுக்கும் ஏற்ற வெப்பம் ஏறத்தாழ ஒன்றே. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கப்பி ஃபைட்டரைக் காட்டிலும் நன்றாகவே வாழும். தடுப்புக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். மூன்றடி நீளமும் பதினைந்து அங்குல அகல உயரமும் உள்ள தொட்டியில் பதின்மூன்று அங்குலம் நீர் நிறுத்தினால் 115 லிட்டர் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கை ஃபைட்டருக்கும், மீதியைக் கப்பிக் கூட்டத்துக்கும் விட்டு, இடையே ஒளி ஊடுருவாத துளைத் தகடு வைத்தால் குறை சொல்ல இடமில்லை. கப்பிகளில் ஆண்களை மட்டும் விடுவது உத்தமம். இல்லையெனில் பிறந்த குஞ்சுகள் துளை வழியே நுழைந்து ஃபைட்டரின் காலை உணவாகிவிடும். டைகர் பார்ப் போல வாலைக் கொறிக்கும் மீன்களைத் தடுப்புக்கு அப்பால்கூட நான் வைக்க மாட்டேன்.

நம் ஊர் வெயிலைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது. வேலூரின் மே மாதத்தில் மாடி வீட்டுத் தொட்டி 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். காற்றை விழுங்கும் ஃபைட்டர் அதைச் சமாளிக்கும், அடுத்த அறை மீன் வாயைப் பிளந்து மேலே தொங்கும். காரத்தன்மையும் சூடும் மிகுந்த நீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும் என்பதால், குளிர்நாட்டில் எழுதிய அளவுகளை அப்படியே இங்கே பின்பற்றுவது ஆபத்து. கோடையில் ஏர் பம்பு இரவும் பகலும் ஓடட்டும், மீனின் எண்ணிக்கை குறையட்டும்.

நிறைவாக, என் தொழில் சார்ந்த ஒரு கணக்கு. இரண்டு ஃபைட்டர் வளர்க்க விரும்புவோர், இரண்டடித் தொட்டியின் நடுவே கண்ணாடி அடைத்துத் தரச் சொல்கிறார்கள். அதற்கு 9 சதுர அடிக் கண்ணாடி ஆகும். ஓரடிக்கு ஓரடித் தொட்டிகளாகத் தனித்தனியே இரண்டு செய்தால் 10 சதுர அடி. கூடுவது ஒரே ஒரு சதுர அடிதான். ஒன்றில் நோய் வந்தால் மற்றது தப்பும், ஒன்றைத் தூக்கிக் கழுவ மற்றதைத் தொட வேண்டியதில்லை, இரண்டுக்கும் நடுவே பழைய நாட்காட்டி அட்டையைச் செருகிவிட்டால் சண்டையும் இல்லை. இப்போது வருபவர்களிடம் அளவைக் கேட்கும் முன் என்ன மீன் என்று கேட்கிறேன்; ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் அது கொள்ளும் லிட்டரை மார்க்கரால் எழுதிக் கொடுக்கிறேன். ஆயத்தத் தொட்டி விற்கும் மற்றக் கடைக்காரர்களும் அறைக்கு இத்தனை லிட்டர் என்று எழுதி ஒட்டினால் வாங்குவோருக்கு உதவியாக இருக்கும் எனத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர் – 9.