சுத்தியலை விடுங்கள், அச்சகத்துக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு. மாயவரத்தில் நாற்பது வருஷம் ஈய எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் நான். அச்சகம் மூடியாகிவிட்டது, ப்ரூஃப் பார்க்கிற புத்தி மட்டும் போக மாட்டேன் என்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுதிய 95 குறிப்புகளை 1517-ல் விட்டன்பர்க் தேவாலயக் கதவில் ஆணி அடிக்கும் லூதருக்கு உங்கள் ஓவியர் அடர்ந்த தாடி வரைந்திருக்கிறார். அப்போது அவர் அகஸ்தீன் சபைத் துறவி. உச்சந்தலையை மழித்து, முகத்தையும் வழித்துக்கொண்டிருந்தவர். தாடி வந்தது 1521-ல். வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில் பேரரசர் முன்னால் நின்று 'எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன்' என்று சொல்லிவிட்டு, வார்ட்பர்க் கோட்டையில் வேறு பெயரில் ஒளிந்திருந்த காலத்தில் வளர்த்தது. ஆணி அடித்ததே சந்தேகம்தான். லூதர் தானாக எங்கும் அப்படி எழுதி வைக்கவில்லை. எழுதியவர் அவருடைய நண்பர் மெலாங்தன், அதுவும் லூதர் இறந்த பிறகு. மெலாங்தன் விட்டன்பர்க்குக்கு வந்து சேர்ந்ததே 1518-ல். 1517 அக்டோபர் 31 தேதியிட்டு மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு லூதர் எழுதிய கடிதம் மட்டும் கைவசம் இருக்கிறது.

அந்தக் கடிதம் ஏன் ஆல்பிரெக்டுக்குப் போனது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. கட்டுரை அதைத் தொடவே இல்லை. ஏற்கெனவே ஒரு பேராயர் பதவியில் இருந்த ஆல்பிரெக்ட், மைன்ஸையும் பிடிக்க ரோமுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். கடனை அடைக்க, தம் எல்லைக்குள் பாவமன்னிப்புச் சீட்டு விற்க அனுமதி பெற்றார். வசூலில் பாதி ரோமில் எழும்பிக்கொண்டிருந்த புனித பேதுரு பேராலயத்துக்கு, மறு பாதி ஃபுக்கருக்கு. சீட்டு விற்க ஊர் ஊராகப் போன டெட்செல் என்ற துறவியோடு ஃபுக்கரின் கணக்குப்பிள்ளையும் கூடவே போனார். போப்பிடம் இத்தனை பணம் இருக்கும்போது ஏழையின் காசில் ஏன் கோயில் கட்டுகிறார் என்று 95 குறிப்புகளில் 86-ஆவது கேட்கிறது. நம் பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்கிற கேள்வி போலத்தான் இருக்கிறது.

'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற பெயரே கொஞ்சம் தப்பு, நம் பள்ளிப் பாடப்புத்தகம் பழக்கிவிட்ட பெயர். குற்றத்துக்கு மன்னிப்பு, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கிடைக்கும். மீதமுள்ள தண்டனையை, அதாவது செத்த பிறகு ஆத்துமா சுத்தமாகும் உத்தரிக்கும் ஸ்தலத்துப் பாட்டைக் குறைப்பதுதான் சீட்டின் வேலை. சபையின் போதனை அதுதான். சந்தையில் விற்றவர்கள் அந்த நுணுக்கத்தை எவ்வளவு விளக்கினார்கள் என்பது வேறு விஷயம்.

என் தொழில்காரனுக்கு ருசியான சேதி ஒன்று. அந்தச் சீட்டும் அச்சகத்தில் அச்சானதுதான். ஐரோப்பிய அச்சுக்கலையின் முன்னோடி குட்டன்பர்க் காலத்து மைன்ஸில், பைபிள் வெளிவரும் முன்பே 1454-ல், பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சடித்த சீட்டுகள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. எங்கள் பாஷையில் ஜாப் வேலை. ரசீது புத்தகம், கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சகத்துக்குச் சோறு போடுகிற வேலை. அறுபது வருஷம் கழித்து அதே எந்திரம்தான் சீட்டுக்கும் எமனாக வந்தது. 95 குறிப்புகள் லத்தீனில் இருந்தவை. பல்கலைக்கழக விவாதத்துக்காக எழுதியவை. 1517 முடிவதற்குள் நியூரம்பர்க், லைப்சிக், பாசல் மூன்று ஊரிலும் அச்சாகிவிட்டன. ஆனால் சாமானியர் கையில் போய்ச் சேர்ந்தது அதுவல்ல. அதே விஷயத்தை 1518-ல் ஜெர்மனில், சில பக்கங்களில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினாரே ஒரு பிரசங்கம், அதுதான் இரண்டு வருஷத்தில் இருபது பதிப்புக்கு மேல் போனது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

லூதரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. கோட்டையில் ஒளிந்திருந்தபோது புதிய ஏற்பாட்டை ஏறக்குறைய பதினோரு வாரத்தில் ஜெர்மனில் முடித்தார். 1522 செப்டம்பரில் வந்தது. முகப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை, அச்சிட்டவர் பெயர் இல்லை, வருஷமும் இல்லை. ஓவியர் கிரானாக்கின் பட்டறையில் செதுக்கிய மரக்கட்டைப் படங்களில், பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்து வேசியின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடம். எதிர்ப்பு வந்தது. டிசம்பர் பதிப்பில் பார்த்தால், அதே கட்டையில் மேலிரண்டு அடுக்கைச் செதுக்கி எறிந்துவிட்டு ஒற்றைக் கிரீடமாக்கியிருக்கிறார்கள். எழுத்தில் பிழை என்றால் சிமிட்டா என்கிற இடுக்கியால் பிடுங்கி மாற்றிவிடலாம். மரக்கட்டையில் கை வைப்பவனுக்கு எவ்வளவு வேர்த்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் தாயையும் தெருவில் பிள்ளைகளையும் சந்தையில் சாமானியனையும் கேட்டு, அவர்கள் வாயைப் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று 1530-ல் எழுதினார். ரோமருக்கு எழுதிய நிருபத்தில், மனிதன் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுகிறான் என்ற இடத்தில் 'மட்டுமே' என்று ஒரு சொல் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அது கிடையாது. நானாக இருந்தால் ப்ரூஃபில் அடித்திருப்பேன். ஜெர்மன்காரன் அப்படித்தான் பேசுவான் என்பது அவர் வாதம். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை நூற்றாண்டுச் சண்டை!

சரி, கட்டுரை மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். 1525-ல் குடியானவர்கள் எழுந்தார்கள். அவர்களுடைய பன்னிரண்டு கோரிக்கைகளும் அச்சில்தான் பரவின. முதலில் பிரபுக்களைக் கடிந்துகொண்ட லூதர், அப்புறம் குடியானவர்களைக் குத்து, வெட்டு, கொல்லு என்று எழுதினார். அந்த மே மாதமே ஃபிராங்கன்ஹவுசனில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1543-ல் யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். 'வயதான காலத்துக் கோபம்' என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பெரிய மனிதர் வரலாற்றில் இந்த இரண்டையும் விட்டுவிட்டால் அது வரலாறு இல்லை, வாழ்த்துமடல்.

இன்னொரு திருத்தம். 'பிராட்டஸ்டன்ட்' என்ற பெயர் 1517-ல் பிறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 1529-ல், ஸ்பெயர் நகரில் கூடிய பேரரசு மன்றத்தின் முடிவை ஏற்க மறுத்துச் சில சிற்றரசர்களும் 14 நகரங்களும் கொடுத்த எதிர்ப்பு மனுவிலிருந்து வந்தது. அந்த வருஷமே லூதரும் சுவிஸ் சீர்திருத்தக்காரர் சுவிங்லியும் நற்கருணை அப்பத்தின் பொருள் பற்றி மார்பர்க்கில் ஒத்துப்போகாமல் பிரிந்தார்கள். பெயர் வைத்த கையோடு பிளவும் வந்துவிட்டது.

இங்கிருந்து தரங்கம்பாடி ஒரு மணி நேர பஸ். 1706-ல் அங்கே வந்திறங்கிய லூதர் வழி ஜெர்மன் போதகர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். சொன்னவர் லூதர் என்றால், செய்து காட்டியவர் இவர். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது. அந்த அச்சின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, கொம்பும் புள்ளியும் உட்கார்ந்த இடத்தைத்தான் என் கண் தேடியது.

அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும்: படத்தில் உள்ள தாடிக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

அன்புடன்,
பழைய கம்பாசிட்டர் ஒருவர்,
மயிலாடுதுறை