குட்டி பிறந்த தேதி என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு வரி விளம்பரங்களில் 'நாய்க்குட்டிகள் விற்பனைக்கு' என்று வருவதை இரண்டு மாதமாக விடாமல் படிக்கிறேன். இனம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, 'குழந்தைகளோடு நன்றாகப் பழகும்' என்ற உத்தரவாதம்கூட இருக்கிறது. குட்டி பிறந்த தேதி மட்டும் எதிலும் இல்லை. அதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். வீட்டில் நானும் கணவரும்தான். இதுவரை கோழியைத் தவிர எதையும் வளர்த்ததில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் "ராத்திரித் துணைக்கு ஒரு நாய் வாங்குங்களேன்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சரி, சிப்பிப்பாறை நம் மாவட்டத்து ஊர்தானே, அந்தப் பெயர் கொண்ட நாயையே வளர்ப்போம் என்று முடிவானது. மறுநாளே என் கணவர் கடைத்தெருவுக்குப் போய், குமிழ் வைத்த கழுத்துப்பட்டை ஒன்றும் மாடு கட்டுகிற கனத்தில் ஒரு சங்கிலியும் வாங்கி வந்துவிட்டார். குட்டியை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை!

பக்கத்துக் கிராமத்தில் ஒருவரிடம் ஐந்து குட்டிகள் இருந்தன. ஆவணிக் கடைசியில் பிறந்தவை. நாங்கள் போனபோது முப்பது நாள்கூட முடியவில்லை. "தூக்கிட்டுப் போங்கம்மா, பாலை ஊத்துனா குடிச்சுக்கிடும். தீபாவளிக்கு உங்க வீட்டுல இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாய்க்கும் ஐந்து குட்டிக்கும் தீனி போடுவது லேசுப்பட்ட செலவில்லை. நானும் அன்றே மடியில் வைத்துத் தூக்கி வந்திருப்பேன். என்ன தீனி கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு வாங்குவோமே என்று முதலில் கால்நடை மருந்தகத்துக்குப் போனேனோ, பிழைத்தேன்.

டாக்டரம்மா தீனியைப் பற்றிப் பேசவே இல்லை. குட்டிக்கு எத்தனை நாள் என்றுதான் கேட்டார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறதாம். எனக்குத் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. 'நாற்பத்தைந்து நாள் குட்டி' என்று யாராவது சொன்னால் வாயைத் திறந்து பாருங்கள் என்றார். பால் பல் மொத்தம் 28. எட்டு வாரத்தில் அநேகமாக எல்லாம் வந்திருக்குமாம்.

அடுத்து அவர் கேட்டது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி குட்டி ஏதாவது செத்திருக்கா?" எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் மாடியில் குடியிருந்தவர்கள் போன வருடம் ஒரு குட்டி கொண்டுவந்து, அது நாலே நாளில் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகப் போய்விட்டது. அது பார்வோ என்ற வைரஸாக இருக்கலாம், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்றார். சிமெண்டுத் தரையைப் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவினோம். மண்ணை என்ன செய்வது? தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியின் கால் கொல்லைப்புற மண்ணில் படக் கூடாது என்று உத்தரவு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை. வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

முன்பணத்தோடு தீனிச் செலவுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் குட்டியைத் தாயிடமே விட்டோம். ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறோம். குட்டிகள் ஒன்றையொன்று கடிக்கும். கடிபட்டது வீலென்று கத்தினால் கடித்தது விட்டுவிடும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அங்கேதான் படிக்கின்றன. ஒரு மாதத்தில் பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை நம் கையிலும் காலிலும்தான் படிக்குமாம்.

காத்திருந்த நாட்களில் வீட்டைத் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி மருந்து, மூடி சரியில்லாத தண்ணீர்த் தொட்டி, கேட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. வாசல் அரளி விஷம் என்று தெரியும், அதை வெட்டினோம். பாயசத்துக்கு வாங்கி வைத்த கிஸ்மிஸ் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. வெங்காயமும் ஆகாது. கணவர் வாங்கிய பட்டையும் வீண். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், சாதாரணப் பட்டை தலைவழியே கழன்றுவிடும், அகலப்பட்டைதான் வேண்டும் என்றார்கள். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சங்கிலி மட்டும் கேட்டுக்குப் பூட்டுப் போட உதவுகிறது.

தீபாவளியும் முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் வெடிச் சத்தத்துக்குச் சொல்லவா வேண்டும்? ஒரு மாதக் குட்டியை அதற்கு நடுவில் புது வீட்டில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

வருகிற ஞாயிறு எட்டு வாரம் முடிகிறது. இப்போது தின்கிற கம்பங்கூழையே ஒரு வாரம் கொடுத்து, அப்புறம் மெல்ல மாற்றச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. தாய்நாய் படுக்கிற சாக்கின் மேல் என் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைப் போன வாரமே விரித்துவிட்டு வந்தேன். குட்டியோடு அதையும் துவைக்காமல் எடுத்துவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
சாத்தூர்.