படுகளம் வரைக்கும் இருந்துவிட்டுப் போ, கண்ணு

கண்ணு,

பிள்ளைகள் ரெண்டு பேரையும் மே மாதம் முழுக்க ஏதோ ஏசி ஹாலில் நடக்கிற கோடை முகாமில் சேர்க்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடு. போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வருஷம் நம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைக்கிறார்கள், மகாபாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் காட்டுகிற திருவிழா. பதினெட்டு நாள். மத்தியானம் சொற்பொழிவு, ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் விழுகிற படுகளம், சாயங்காலம் தீமிதி. நீங்கள் எப்போதும் வருகிற மாதிரி வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து, தீமிதியை மட்டும் பார்த்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. கொஞ்சம் முன்னாடியே, திரௌபதியின் துகில் உரிகிற கூத்துக்கே வந்துவிடுங்கள். சபையில் துச்சாதனன் இழுத்து அவிழ்த்த கூந்தலை இனி முடிக்க மாட்டேன் என்று திரௌபதி சபதம் போடுவதைப் பெரியவள் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் தினமும் ராத்திரி கதை நகர நகர, அந்தக் கூந்தல் அவிழ்ந்தேதான் இருக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்குத்தான் படுகளத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அர்ச்சுனன் தபசு உனக்கு நினைவிருக்கும். பனைமரத்தை நட்டு, குறுக்கே கட்டைகள் அடித்து, ஆளுயரத்துக்கு எத்தனையோ மடங்கு மேலே பரண் கட்டியிருப்பார்கள். வேஷக்காரர் ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு பாட்டு பாடிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார். கீழே குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு மடி ஏந்தி நிற்பார்கள். உச்சிக்குப் போனதும் மேலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி, பூ எல்லாம் விழும், யார் மடியில் விழுகிறதோ அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நிற்கிற பிள்ளை மனுஷர்களைப் பற்றித் தெரிந்துகொள்வதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது, இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

கூத்துக்கு ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டுமே என்று நீ யோசிப்பாய். தூக்கம் வந்தால் தூங்கட்டும். பாய், போர்வை நான் எடுத்து வருகிறேன், சிரிக்க வைக்கிற கட்டியக்காரன் வரும்போது எழுப்பிவிட்டால் போதும். சின்னவனை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வேஷம் கட்டுகிற இடத்துக்குக் கூட்டிப் போகிறேன். அரிதாரம் பூசுவது, கிரீடம், புஜக்கட்டை எல்லாம் வைத்துக் கட்டுவது, அதையெல்லாம் கிட்ட நின்று பார்க்கட்டும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டு ஒட்டிய கிரீடம் அது. கையில் வாங்கிப் பார்த்தால் இவ்வளவு லேசாக இருக்கிறதே என்பான்.

படுகளத்தன்று கோவில் மைதானத்தில் மண்ணாலேயே துரியோதனனைப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள். அந்த மண் உருவத்தின் மேலேயே ஏறி வீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் சிவப்பு கொட்டும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஊரே அப்போது மூச்சுவிடும்.

பகலில் வெயிலுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். அக்னி நட்சத்திரம்தான், பொய் சொல்ல மாட்டேன், பதினோரு மணியிலிருந்து நாலு வரைக்கும் வீட்டுக்குள்தான். ஆனால் நம் ஊர் கடல் மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டர் மேலே இருப்பதால் மெட்ராஸ் மாதிரி ராத்திரியிலும் வேர்த்து ஊற்றாது, மொட்டைமாடியில் படுக்கலாம். விடியற்காலையில் மாவட்ட விளையாட்டரங்கில் பிள்ளைகளுக்குக் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துவார்கள், நீங்கள் வரும் தேதிக்கு ஒத்து வருமா என்று விசாரித்துச் சொல்கிறேன். பெரியவள் நன்றாக ஓடுகிறாள், மண் தரையில் ஓடிப் பழகட்டும்.

ஒரு நாள் மலைக்கோட்டை. ஆறு மணிக்கு முன்னாலேயே ஏறத் தொடங்கிவிட வேண்டும், பாறை சூடானால் இறங்குவது கஷ்டம். 1791-ல் மேக்ஸ்வெல் என்கிற தளபதி தலைமையில் வந்த இங்கிலீஷ் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போன கதையைச் சின்னவனுக்கு மேலே வைத்தே சொல்கிறேன். மேலிருந்து பெருங்கற்களை உருட்டிவிட்டார்கள் என்றால் அவனே எட்டிப் பார்த்துப் புரிந்துகொள்வான்.

கேஆர்பி அணைக்கும், அதாவது நம் கிருஷ்ணகிரி அணைக்கும் போவோம். பூங்காவில் விளையாடலாம், வெளியே வறுத்த மீன் சாப்பிடலாம், தண்ணீரில் மட்டும் இறங்க விட மாட்டேன். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய், அதே தென்பெண்ணைதான் இங்கே வருகிறது. நீ சின்னப் பிள்ளையில் இறங்கி விளையாடிய ஆறு இப்படி ஆனதில் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். குளிக்க ஆசைப்பட்டால் ஒகேனக்கல் போகலாம். ஆடியில் வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், மே மாதத்தில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இருக்காது.

மாங்கனிக் கண்காட்சியைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள். அது பெரும்பாலும் ஜூன் கடைசி, ஜூலை என்று தள்ளிப் போகும், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்கு வேண்டுமானால் ஒரு சனி, ஞாயிறு வந்து போனால் போதும், ரகம் ரகமாக அடுக்கியிருப்பதைப் பார்த்து, ராட்டினம் சுற்றி, அப்பளம் தின்றுவிட்டு வரலாம். மேயில் உங்களுக்குச் செந்தூரா இருக்கும். நீலம் கடைசியில்தான் வரும். தோத்தாபுரி காயாகவே உப்பு மிளகாய்த்தூள் போட்டுப் பிள்ளைகள் தின்னட்டும், மிச்சம் கூழ் தொழிற்சாலைக்குப் போகிற காய்தான் அது, விலை சரிந்த வருஷம் தோட்டக்காரர்கள் பறிக்கிற கூலிகூடத் தேறவில்லை என்று மரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, படுகளத்துக்கு முந்தின நாள் அவர் வரட்டும், நீயும் பிள்ளைகளும் முன்னால் வாருங்கள். உனக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும் என்றால் மாடி அறையில் நெட் நன்றாக வருகிறது, பகலெல்லாம் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நம் ஊருக்கு ரயில் கிடையாது, மே மாதத்தில் பஸ் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் இந்த வாரத்துக்குள் தேதி சொல். பெரியவளுக்கு ஓடுகிற ஷூ, ரெண்டு பேருக்கும் பருத்தித் துணி, அவ்வளவு போதும். முகாமுக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தை அப்படியே வைத்திரு.

அப்பா