அழகர் உடை தைக்கும் எங்களைக் கைவிடாதவர்களுக்கு நன்றி

மதுரை மக்களுக்கும், அழகர் வைகை ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவுக்கு வேடம் கட்ட வெளியூரிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம். திருவிழா முடிந்து பாக்கிக் கணக்கெல்லாம் தீர்த்தாகிவிட்டது, இதைச் சொல்லாமல் விட மனசு கேட்கவில்லை.

அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி (தீப்பந்தம்) எடுக்கிறவர்களுக்கும் சல்லடம் என்கிற அரைக்கால் சட்டை, குல்லா, உருமா என்கிற தலைப்பாகை தைப்பதுதான் எங்கள் பிழைப்பு, அத்தா காலத்திலிருந்தே. மற்ற மாதங்களில் தலையணை உறை, பள்ளிக்கூட நாடக உடை என்று எது வந்தாலும் தைப்போம், ஆனால் பிள்ளைகளுக்கு ஜூனில் கட்டும் பீஸ் சித்திரையில்தான் கைக்கு வரும். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் வைகைக்கு வரவே இல்லை, கடனுக்கு எடுத்து வைத்த வெல்வெட் அப்படியே கிடந்தது. அந்தப் பணத்தைக் கேட்டு ஒரு போன்கூடப் போடாத விளக்குத்தூண் துணிக்கடைக்காரருக்குத்தான் முதல் நன்றி.

அப்புறம் ஜிகினா வேலை பார்க்கும் அக்காமார்கள். சமிக்கி என்கிற மினுக்கு வட்டத்தைக் கோத்து, அதன் மேல் ஒரு பாசி வைத்து, அதே துளையில் ஊசியைத் திருப்பி இறக்க வேண்டும், இல்லையென்றால் ஆற்றுக் கூட்டத்தில் ஒரே இழுப்பில் உதிர்ந்துவிடும். 2022இல் திருவிழா திரும்ப வந்தது ரம்ஜான் மாதத்தில், ஏப்ரல் 16 அழகர் ஆற்றில் இறங்கினார். நோன்போடு நாங்கள் மிஷின் மிதிக்க, நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சரியாக வடை சுட்டு அனுப்பிவிட்டு, மிச்சக் குல்லாக்களை வீட்டுக்கு எடுத்துப்போய் விடிய விடிய முடித்துக் கொடுத்தார்கள். கூலியைக்கூட விழா முடிந்துதான் வாங்கிக்கொண்டார்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறியதும், வழக்கமாக வருகிறவர்கள் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. “அழகர் டிரெஸ்ஸா? சத்திரத்துக்குப் போங்க” என்று ஒரு காசு வாங்காமல் நாள் முழுக்க வழிகாட்டிய பூக்காரம்மாவுக்கும், எங்கள் கடை வாசலைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பத்துக்கும் என்ன கைம்மாறு செய்வது?

திருவிழா வருமானம் பெரிய கடைகளுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் கட்டும் ஒரு வேடத்தில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தித் துருத்தி (தண்ணீர் பீய்ச்சும் தோல்பை) தைக்கிறவர், அதற்குக் குழாய் மாட்டுகிறவர், அழகருக்கு எடுக்கும் சர்க்கரை நிரப்பிய செம்புக்கு வாழையிலையும் சூடமும் விற்கிறவர் என்று எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது! நேர்த்திக்கடனை விடாமல் வரும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் எல்லார் சார்பிலும் நன்றி.

அடுத்த சித்திரைக்கு அளவு கொடுக்கிறவர்கள் பங்குனி பிறந்ததும் வந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் கையோடு கூட்டி வாருங்கள், நேரில் பார்த்து அளவெடுத்தால்தான் சல்லடம் இடுப்பில் நிற்கும்.