ஆய்வாளருக்கு ஓர் அறை ஒதுக்குங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கு,

வணக்கம். பிஎச்.டி. என்றதும் ஃபெலோஷிப் (உதவித்தொகை), கட்டுரை எண்ணிக்கை, வைவா (வாய்மொழித் தேர்வு) பற்றித்தான் பேசுகிறோம். ஆய்வாளர் எங்கே உட்கார்ந்து படிக்கிறார், யாரோடு பேசுகிறார் என்று கேட்பதில்லை.

வேதியியலில் சேர்ந்தவருக்கு லேப் இருக்கிறது. மேசையில் ஒரு முழமாவது அவருடைய இடம். எந்த ஜர்னல் காசு பிடுங்கும் போலி, அத்தியாயத்தை ஆய்வு வழிகாட்டியான கைடிடம் எப்போது நீட்டலாம் என்பதெல்லாம் டீ குடிக்கும்போதே சீனியர் சொல்லிவிடுவார். தமிழ், வரலாறு போன்ற பல துறைகளில் இது வாய்ப்பதில்லை. கையெழுத்து வாங்க வந்தவர் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் மதியம்வரை காத்திருக்கிறார். கையெழுத்து கிடைத்ததும் பஸ் ஏறிவிடுகிறார். அதே பொருளில் ஆய்வு செய்யும் இன்னொருவர் பக்கத்து கைடிடம் இருப்பதுகூட அவருக்குத் தெரியாது. சந்தேகம் கேட்க கைடைத் தவிர ஆளில்லை; அந்த உறவு கசந்துவிட்டால் போக்கிடமே இல்லை. பாதியில் நின்றுபோன ஆய்வுகள் பலவற்றுக்குப் பின்னால் இந்தத் தனிமை இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

பெண்களுக்கு இன்னொரு பூட்டு. நூலகம் திறந்திருக்கும், ஹாஸ்டல் கேட் மூடிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகள் பெண்களுக்கு ஆய்வை முடிக்க 2 ஆண்டு கூடுதல் அவகாசமும் 240 நாள்வரை மகப்பேறு விடுப்பும் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு நாள் மாலையையும் பறித்துக்கொண்டு கடைசியில் அவகாசம் கொடுப்பது என்ன நியாயம்?

இடத்தைப் பறிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பார்த்தோம். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட அம்பேத்கர் மாணவர் சங்க ஆய்வாளர்கள் ஐந்து பேர் வளாகத்தில் திறந்தவெளியில் படுத்துறங்கிப் போராடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரியில் இழந்தோம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிக்கத் தனிப் பகுதியே உண்டு. ஒரு பொது நூலகம் செய்வதைப் பல்கலைக்கழகத் துறை செய்ய முடியாதா? துறைக்கு ஓர் அறை, பொது மேசை, பிளக் பாயின்ட், பூட்டிவைக்க அலமாரி. சாவி ஆய்வாளர்களிடமே இருக்கட்டும். அலுவலக உதவியாளர் வந்து திறக்கும்வரை வெளியே நிற்கவைக்காதீர்கள். பெண்கள் விடுதி நேரத்தை நூலக நேரத்தோடு பொருத்துங்கள்.

அடுத்த சிண்டிகேட் (ஆட்சிக்குழு) கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஆய்வாளர்களை அழைத்துக் கேளுங்கள், பகுதிநேர ஆய்வாளர்களையும் சேர்த்து. அப்புறம், அறையைத் தரைத்தளத்தில் ஒதுக்குங்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி கொடுத்தால் சக்கர நாற்காலியில் வருகிறவர் மறுபடியும் வராந்தாவில்தான் இருப்பார்.

அன்புடன்,
ஓர் ஆய்வு மாணவி