பழைய வாகன ஏசி: ஒயிலையும் ட்ரையரையும் மாற்றாமல் காஸ் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாண வீதிகளில் இன்னும் ஓடுகிற எண்பதுகளின் கார்களிலும் வான்களிலும் உள்ள ஏசி, ஆர்-12 என்ற குளிரூட்டும் காஸுக்கென்று செய்யப்பட்டது. ஓசோன் படையைக் காக்கும் 1987 மொன்றியல் உடன்படிக்கையின்படி அந்தக் காஸை நிறுத்த வளர்முக நாடுகளுக்குக் கொடுத்த தவணையும் 2010 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ காஸுக்கு மாறத்தான் வேண்டும். ஆனால் பழைய காஸைக் காற்றில் விட்டுவிட்டுப் புதியதை ஏற்றி, அரை மணித்தியாலத்தில் வாகனத்தை அனுப்புவதைத்தான் சில கராஜ்களில் 'மாற்றம்' என்கிறார்கள்.

காஸை அமுக்கிச் சுற்றவிடும் கொம்பிரசரைக் கொல்வது ஒயில்தான். பழைய மினரல் ஒயில் 134ஏயோடு கலக்காது. காஸ் சுற்றிவர, ஒயில், காற்றைக் குளிராக்கும் எவாப்பரேற்றரில் தங்கிவிடும். கொம்பிரசர் காய்ந்து இறுகும். அரைபட்ட அலுமினியத் தூள், காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சரையும் அடைத்துவிட்டால் செலவு இரட்டிப்புத்தான். ஆகவே கொம்பிரசரைக் கழற்றிக் கவிழ்த்து, தண்டைக் கையால் சுற்றி, ஒயிலை வடித்தெடுக்க வேண்டும். கொண்டென்சரையும் எவாப்பரேற்றரையும் கழுவி உலர் நைதரசனால் ஊதலாம். கொம்பிரசருக்குள் கழுவும் திரவம் போகக்கூடாது. பிறகு, பழைய அளவிலேயே எஸ்டர் ஒயில் விடுங்கள். மிச்சமிருக்கும் மினரல் ஒயிலை அது பொறுத்துக்கொள்ளும். 134ஏக்கு விடும் மற்ற வகையான பிஏஜி ஒயில் ஈரத்தை வெகுவாக உறிஞ்சும். மாரி காலத்தில் மூடி திறந்து கிடந்த டின் குப்பைக்குத்தான்.

காஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பழைய ட்ரையரின் மணிகள் 134ஏக்குப் பொருந்தாதவை. புதியதை, எல்லாம் பூட்டியபின் கடைசியாகப் பூட்டுங்கள். கழற்றிய மூட்டுகளுக்கெல்லாம் புது ஓ-ரிங்.

உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வக்கியூம் பம்பை 45 நிமிடமாவது ஓடவிட்டு, வால்வை மூடி 20 நிமிடம் கேஜ் முள்ளைப் பாருங்கள். முள் சற்று ஏறி நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறினால் கசிவு.

காஸின் அளவு பழையதில் 80 முதல் 90 வீதம். 900 கிராம் பிடித்த வாகனத்துக்கு 720இல் தொடங்கி 800 வரை, தராசில் வைத்தே ஏற்ற வேண்டும். ஆர்-12 காலப் பழக்கத்தில், காஸ் ஓடுவதைக் காட்டும் சிறு கண்ணாடியில் குமிழி மறையும்வரை ஏற்றுபவர்கள் அளவை மீறிவிடுகிறார்கள். 33 பாகை வெயிலில் உயர் அமுக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை நிற்பது சரி. 300ஐத் தாண்டினால் காஸ் கூடியிருக்கும், அல்லது காற்றுப் புகுந்திருக்கும், அல்லது கொண்டென்சரில் காற்றோட்டம் இல்லை. தீவுப் பக்கம் ஓடும் வாகனங்களில் உப்பு தின்ற தகடுகளைப் பார்த்தால் மூன்றாவதை முதலில் சந்தேகிக்கலாம். 134ஏக்கு அமுக்கம் இயல்பாகவே கூடுதல். அந்தக் கொண்டென்சரோடு அது குளிராது.

மலிவென்று சமையல் காஸ் ஏற்றுவதும் நடக்கிறது. எவாப்பரேற்றர் இருப்பது ஆட்கள் இருக்கும் அறையோடு. அங்கே கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

வேலை முடிந்ததும் காஸின் பெயர், எடை, ஒயிலின் வகை மூன்றையும் எழுதி பொனற்றின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்துத் திறப்பவர் கலப்படம் செய்யாதிருக்க வேறு வழியில்லை.

வாகன ஏசித் திருத்துநர்,
கோண்டாவில்.